அஸ்திவாரத்துலிருந்து ஆரம்பிக்கோணும்

அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்கட்டுங்களா? காத்து காதுக்குள்ள பூந்துட்டா நான் பேசறது எனக்கே கேக்காதுங்க. திருச்செங்கோடுங்களா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. ஈரோட்டுல எறங்கற ஆளுக பக்கத்துல உக்காந்தா பாதிக் கதையில எந்திரிச்சுப் போயிர்றாங்க. போன தடவ ஒருத்தரு பெருந்துறையிலயே எறங்கிட்டாரு. டிக்கெட்டு என்னமோ ஈரோட்டுக்குத்தான் எடுத்திருந்தாரு, பாவம், என்ன அவசரமோ.

எதுக்குப் போறேன்னு கேக்கறீங்களா? கேக்கலீங்களா? பரவால்லீங்க, நானே சொல்லிர்றேன். மாமனாரு ஊட்டுக்குப் போறேன். எங்கூட்டுக்காரி கோகிலவாணி அங்க போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கூட்டியாரப் போறேன். நீங்க மொகத்த அப்படி வெக்காதீங்க. எனக்குக் குடிப் பழக்கமெல்லாம் கெடையாது. கை நீட்டுனதும் கெடையாது. வேற பொம்பள சமாச்சாரமும் இல்ல. எங்க ரெண்டு பேத்துக்கும் சண்ட வந்தது ஒரு சாப்ட்வேருனால.

சிரிக்காதீங்க. எல்லாருந்தான் சிரிக்கறாங்க. எங்க மாமனாரும் மொதல்ல சிரிச்சாரு, அப்புறம் அவரு எங்கூடப் பேசறதையே நிறுத்திட்டாரு.

மன்றம்னா என்னன்னு தெரியுங்களா உங்களுக்கு? கட்சி மன்றமில்லீங்க. இன்டர்நெட்டுல ஒருத்தரு ஒரு கேள்வி எழுதிப் போடுவாரு. அதுக்குக் கீழ ஆளாளுக்குப் பதில் எழுதுவாங்க. அது அங்கயே கெடக்கும். பல வருசங்கழிச்சு அதே சந்தேகம் வந்த இன்னொருத்தன் தேடி எடுத்துப் படிச்சுக்கலாம். வாட்சப்புல வர்ற மாதிரி காலைல போட்டது சாயந்தரம் எங்க போச்சுன்னே தெரியாதுங்கற கத இல்ல. அந்த மாதிரி மன்றம் நடத்தறதுக்கு ஒரு சாப்ட்வேர் வேணுமில்லீங்களா? அத எழுதுனது நாங்க. நானும் கோகிலாவும். கண்ணாலமான புதுசுல எழுதுனோம். மூணு ரோடு கூடற எடத்துல நாலு பேரு நின்னு பேசிட்டிருப்பாங்கல்ல, அத நெனச்சு முச்சந்தின்னு பேரு வெச்சேன். எழுதுனது பெரும்பாலும் அவதான், ஆனா பேரு என்னுது. யோசனையும் என்னுது. யோசனதானுங்களே முக்கியம்?

அத ஓப்பன் சோர்ஸா வுட்டோம். அப்படின்னா யாரு வேணா எடுத்துக்கலாம், உள்ள கை வெச்சுத் திருத்தலாம், நல்லா இருந்தா அந்தத் திருத்தத்த நாங்களும் சேத்துக்குவோம். கோயல்ல அன்னதானம் போடற மாதிரின்னு வெச்சுக்கங்க. ஒரே ஒரு வித்தியாசம். அன்னதானத்துல சாப்புட்டவன் சமையக்காரங்கிட்ட வந்து, நீ ரசம் வெக்கற மொறையே தப்புன்னு மூணு பக்கத்துக்குக் கடுதாசி எழுத மாட்டான். இங்க எழுதுவான்.

நெறையப் பேரு எடுத்துட்டுப் போனாங்க. மாடித்தோட்டக்காரங்க, நாய் வளக்கறவங்க, பழைய ரேடியோ ரிப்பேர் பண்றவங்க. எல்லாத்துலயும் பெருசு நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க மன்றம். போர் போடற வண்டிதாங்க. கோகிலாவோட அண்ணன் செல்லமுத்து, எங்க மச்சான், அவருதான் நடத்தறாரு. அவருக்கே நாலஞ்சு வண்டி. எல்லாம் சத்தீஸ்கரு, மத்தியப் பிரதேசம்னு வடக்கயே சுத்திட்டிருக்கும். எந்த ஊருல எத்தன அடிக்கு மேல பாறை, எங்க மண்ணு சரிஞ்சு உள்ள உழுகும், அதத் தடுக்க எங்க கேசிங் பைப்பு எச்சா எறக்கோணும், எந்த ரோட்டுல நம்ம சோறு கெடைக்கும், எல்லாத்தையும் டிரைவருக, சூப்பர்வைசருக அதுல எழுதி எழுதி வெச்சிருக்காங்க. பாதிக்கு மேல எழுத்துப் பிழைதான். ஆனா ஒரு வண்டி புது ஊருக்குள்ள போறதுக்கு முன்னால அதத் தொறந்து பாக்காமப் போகாது.

சரி, பிரச்சனைக்கு வர்றேன். முச்சந்தி ஓடுச்சுங்க. ஓடலேன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அசிங்கமா ஓடுச்சு. வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது. உள்ள போயி அந்த புரோகிராம் வரிகளப் படிச்சுப் பாத்தாத்தான் தெரியும், சிக்கு விழுந்த நூல்கண்டு. ஒரு எடத்துல ஒட்டு, அந்த ஒட்டு மேல இன்னொரு ஒட்டு. எழுதுனவங்க யாருன்னு பாத்தா எங்க ரெண்டு பேரு பேருதான் இருக்கும்.

ஒரு நாளு சோறு திங்கறப்பச் சொன்னேன். "கோகிலா, இதத் தூக்கி எறிஞ்சுட்டு அஸ்திவாரத்துலிருந்து புதுசா எழுதிரலாம். ரெண்டே மாசம்."

அவ ரசத்த ஊத்திட்டே கேக்கறா, "ஏனுங், இப்ப இதுல எது ஓடலீங்?"

"எல்லாம் ஓடுது. அழகா ஓடல."

"அப்ப ஓடறத ஓட வுட்டுட்டு, நொண்டறத ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாமுங்."

இதுதாங்க அவளோட புத்தி. ஒவ்வொண்ணா. எதையும் ஒவ்வொண்ணா. ஒரு மனுசனுக்கு ஒரு பெரிய கனவு வந்து நெஞ்ச அடைக்குது, அவகிட்டப் போயிச் சொன்னா அதுல எந்த ஓரம் பிஞ்சிருக்குன்னு பாத்துத் தெச்சுத் தர்றேங்கறா.

சரீன்னு நான் எல்லார்த்தையும் கூட்டி ஓட்டெடுத்தேன். முச்சந்திக்கு வேலை செய்யற ஆளுக அங்கங்க இருந்தாங்கல்ல, அவங்க எல்லாரும் ஆன்லைன்ல வந்தாங்க. எம் பேச்சு அன்னைக்குப் பிரமாதமா இருந்துச்சு. பழசுல இருந்துட்டே எதெது முடியவே முடியாதுன்னு அடுக்குனேன். நல்லாத் தேடற வசதி வைக்க முடியாது. போன்ல ஒழுங்காக் காட்ட முடியாது. படம் வெசயாத் தொறக்க வைக்க முடியாது. எம்பக்கம் கை தூக்குனவங்கதான் எச்சு. அதுல முக்காவாசிப் பேரு முச்சந்திக்கு ஒரு வரி கூட எழுதிக் குடுத்ததில்லேன்னு கோகிலா அப்புறம் சொன்னா. பொறாமைங்க, வேற என்ன? ஜனங்களோட புகாருக்குத் தெனமும் பதில் சொல்லிட்டிருந்த ஆறேழு பேரு மட்டும் அவ பக்கம் கை தூக்குனாங்க. கொசு அடிக்கறவனுக்கு வானம் தெரியுமுங்களா?

அவ சண்டையெல்லாம் போடல. "நீங்க புதுச எழுதுங். அது ஆகற வரைக்கும் ஜனங்க பேச ஒரு எடம் வேணுமில்லீங், நான் பழசப் பாத்துக்கறேன்"ன்னுட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ரெண்டு மாசத்துக்கு எதுக்கு ஒரு ஆளு காவலு?

நாங்க ஆரம்பிச்சோம். மொதல்ல பேரு வேணுமில்லீங்களா? அதுக்கே மழைக்காலம் போயிருச்சு. கடைசியில நாற்சந்தின்னு வெச்சோம். மூணு ரோட்ட விட நாலு ரோடு எச்சுத்தான? அப்புறம் சின்னம். நாலு ரோடு கூடற எடத்துல ஒரு ஆட்டோ நிக்கோணுமா வேண்டாமான்னு ரெண்டு கட்சி. ஆட்டோ வேணும்னவங்க கோவிச்சுட்டுப் போயித் தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. போகட்டும், கொள்கை இல்லாத ஆளுக. அப்புறம் மிச்சம் நின்னவங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தரு எப்படி மரியாதையாப் பேசோணும்னு ஒரு விதிமொறை எழுதுனோம். அத எழுதறப்ப நடந்த சண்டையில இன்னும் ரெண்டு பேரு போயிட்டாங்க.

அதுக்கப்புறந்தான் வேலை. வேகமா எழுதுனோம். பாதி வந்தப்ப பெங்களூருல இருந்த ஒரு ஆளு சொன்னாரு, இப்ப இதெல்லாம் யாரும் இந்த மாதிரி எழுதறதில்ல, புதுசா ஒரு மொற வந்திருக்குதுன்னு. போயிப் பாத்தா நெசமாவே நல்லாருந்துது. எழுதுனது அத்தனையும் தூக்கிப் போட்டோம். தூக்கிப் போடறதுக்கும் ஒரு தைரியம் வேணுமுங்க. அது எல்லார்த்துக்கும் வராது. எங்கூட்டுக்காரிக்கு வரவே வராது. பழைய சேலையில கொசுவல போடறவ அவ.

தூங்கறீங்களா? இல்லீங்களா? கண்ண மூடிட்டுக் கேக்கறீங்களா, சரி சரி.

இந்தப் பக்கம் அவ என்ன பண்ணீட்டு இருந்தான்னு கேளுங்க. ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு மேசை. ஹால்ல நான் இருந்து உலகத்துக்கே புது மன்றம் கட்டறேன். சமையக்கட்டுப் பக்கத்துல அவ உக்காந்து வாராவாரம் ஒரு அறிவிப்புப் போடறா. என்ன அறிவிப்பு? "பதில் எழுதற பொத்தான் போன்ல கட்டை விரலுக்கு எட்ட மாட்டேங்குதுன்னு சொன்னீங்க. கொஞ்சம் கீழ எறக்கியிருக்குது." இது ஒரு அறிவிப்புங்களா? இதுக்கு ஒரு ரிக் டிரைவரு ராய்ப்பூருல இருந்து எழுதறான், "அக்கா நீங்க நல்லா இருக்கோணும்"னு. பொத்தான எறக்குனதுக்கு! நான் அந்தப் பொத்தானே தேவைப்படாத ஒரு மன்றத்தக் கட்டிட்டு இருக்கேன், எனக்கு ஒருத்தனும் எழுதல.

அது கூடப் போகட்டும். அடுத்து அவ பண்ணுனதுதான் பெரிய துரோகம். பழசுல தேடற வசதி வைக்கவே முடியாதுன்னு நான் மேடை போட்டுப் பேசுனேனுங்களே, ஒரு நாளு பாத்தா அது வந்திருக்குது. வேலையும் செய்யுது. பாறையக் குத்தற ஹேமரு பேரத் தப்பும் தவறுமா அடிச்சாலும் கண்டுபுடிச்சுக் குடுக்குது. அடுத்தாப்புல போன்ல ஒழுங்காத் தெரியுது. அடுத்தாப்புல படம் வெசயாத் தொறக்குது. நான் முடியாதுன்னு சொன்ன வரிசையிலயே ஒவ்வொண்ணா எடுத்து முடிச்சு வெக்கறா. அத்தனையும் எம் பேச்சுல இருந்து எடுத்ததுங்க! ஊட்டுக்குள்ளயே களவு. நான் யாருகிட்டப் போயிப் புகாரு குடுக்கறது?

ஒரு தடவ அவளே கேட்டா. நக்கலாக் கேக்கலீங்க, அவளுக்கு நக்கல் வராது, அதுதான் இன்னும் கோவம். "ஏனுங், இப்ப நாற்சந்தில ஒருத்தரு கேள்வி எழுதுனா இன்னொருத்தரு பதில் எழுத முடியுங்ளா?"

"கேள்வி எழுதலாம்"னேன். "பதில் அடுத்த கட்டம்."

அவ எந்திரிச்சுப் போயித் தோசை ஊத்துனா.

டோல்கேட்டு வந்துருச்சுங்களா? விஜயமங்கலந்தான். இங்க ஒரு பத்து நிமிசம் நிக்கும், நிம்மதியாப் பேசலாம்.

பதிலும் எழுதலாங்கற அளவுக்கு நாற்சந்தி வந்த சமயத்துல மச்சான் மக பெரியவளானதுக்குச் சீரு வெச்சாங்க. பெரிய மண்டபம், ஊரே கூடியிருக்குது. அத்த மொறைக்கு கோகிலா பட்டுச்சேல, வளவின்னு தட்டு வெச்சுத் தூக்கிட்டு வந்தா. நான் என் பங்குக்கு மச்சானுக்கு ஒண்ணு செய்யோணுமில்லீங்களா? யோசிச்சேன். அவரு உசுரா நெனைக்கறது எத? ரிக் மன்றத்த. அத நாற்சந்திக்கு மாத்திக் குடுத்தா அதவிடப் பெரிய சீரு என்ன இருக்குது? அந்த மன்றம் ஓடற கம்ப்யூட்டருக்குச் சாவி எங்கிட்டயும் இருந்துது, ஆரம்பத்துல அமைச்சுக் குடுத்தவன் நாந்தான. சீரு அன்னைக்குக் காலைல, அவ சேல கட்டிட்டு இருந்த நேரத்துல, மாத்திட்டேன்.

பழைய பதிவுகளக் கொண்டு வரல. அத இப்பவே சொல்லிர்றேன், அப்புறம் நான் மறச்சேன்னு சொல்லுவீங்க. அதக் கொண்டு வர்றது ரெண்டாங்கட்டம்னு திட்டத்துலயே எழுதியிருந்தேன். அதுவுமில்லாம அந்தப் பழைய குப்பை, எழுத்துப் பிழை, பாதியில நின்ன பேச்சு, எவனோ எவனையோ வஞ்சது, இதையெல்லாம் புதுசா வெள்ளையடிச்ச எடத்துக்குள்ள கொண்டாந்து கொட்டறதுக்கு எனக்கு மனசே வரலீங்க.

பந்திக்கு முன்னால மைக்கப் புடிச்சேன். "சொந்தபந்தம் அனைவருக்கும் வணக்கம். ரிக் மன்றம் இன்னைலிருந்து நாற்சந்தி!" அப்படின்னு சொல்லி நிறுத்துனேன். கை தட்டுவாங்கன்னு நிறுத்துனேன். நாதஸ்வரக்காரரு நான் பேசி முடிச்சுட்டேன்னு நெனச்சு வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு.

மொதப் பந்தி நடக்கறப்ப மச்சானுக்குப் போனு வந்துது. சத்தீஸ்கருல ஒரு கிராமத்துல அவரு வண்டி நிக்குது. சூப்பர்வைசரு காலைல மன்றத்தத் தொறந்து அந்த ஊரு பேரப் போட்டுத் தேடியிருக்கான். ஒண்ணுமே இல்ல. சரி, இந்தப் பக்கம் நம்மாளுக யாரும் போர் போட்டதில்ல போலன்னு நெனச்சுட்டு, வழக்கம் போலக் கொஞ்சமாக் கேசிங் எறக்கிட்டு ஓட்டியிருக்கான். உள்ள மண்ணு சரிஞ்சு ஹேமரு, ராடு எல்லாம் அடியில மாட்டிக்கிச்சு. இழுத்தா வரல.

மச்சான் எங்கிட்ட வந்தாரு. கழுத்துல மாலை, நெத்தி நெறையச் சந்தனம். "மாப்ள, அந்த ஊருல மண்ணு சரியும், கேசிங் எச்சா எறக்குங்கடான்னு நானே போன வருசம் எழுதி வெச்சிருந்தனுங்களே. அது எங்கீங்க?"

"அது ரெண்டாங்கட்டமுங்க மச்சான்."

கத்துவாருன்னு நெனச்சேன். கத்துனாலும் பதில் வெச்சிருந்தேன். அவரு திரும்பி, "கோகிலா எங்க?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். இத்தன பெரிய வேலை செஞ்சவன் எதுக்க நிக்கறேன், கூப்புட்டது அவள.

அவ பட்டுச்சேலையோட பந்தி நடக்கற எடத்துல ஒரு மூலையில உக்காந்தா. முன்னால எலை போட்டிருந்துது, அத ஒதுக்கிட்டு லேப்டாப்ப வெச்சா. சாம்பாரு வாளிக்காரன் ரெண்டு தடவ வந்து வந்து போறான். அடுத்த பந்திக்கு ஆளு உக்கார்றதுக்குள்ள பழைய முச்சந்தி திரும்பி வந்துருச்சு, அத்தன பதிவோட. தெனமும் ஒரு நகல் எடுத்து வெக்கறாளாம். எங்கிட்டச் சொன்னதே இல்ல. நம்பிக்கை இல்லாத ஒரு மனசு பாருங்க.

அப்புறம் எங்கிட்ட வந்து மெதுவாக் கேட்டா, "ஏனுங், மாத்தறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்?"

"கேட்டிருந்தா நீ வேண்டாம்பே."

"அதுக்குத்தானுங் கேக்கறது."

நான் காருல ஏறுனேன், அவ ஏறல. அவங்கம்மாகூட நாலு நாளு இருந்துட்டு வர்றேன்னா. அந்த நாலு நாளுதான் இன்னும் முடியல.

பொய் சொல்ல மாட்டேனுங்க, அவ இல்லாம எனக்குச் செரமந்தான். காலைல எந்திரிச்சா ரெண்டு டம்ளரு எடுத்து வெச்சுட்டு ஒண்ணத் திருப்பி வெக்கறேன். ஒரு வரி நல்லா எழுதுனா அந்தப் பக்கம் திரும்பி இதப் பாருன்னு சொல்ல வாய் வருது. அந்த மேசையில ஆளு இல்ல. அழுகை கூட வந்திருக்குதுங்க ஒரு நாளு. நீங்க சொல்லுங்க, இத்தன ஆச வெச்சிருக்கற புருசன் ஒரு சாப்ட்வேருக்காகவா இப்படிக் கெடக்கோணும்?

நாற்சந்தியா? கடைசிக் கட்டத்துல இருக்குது. நடுவுல ஒரு தடவ மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சோம், அதனால கொஞ்சம் தாமசம். ஆளுகளும் கொறஞ்சுட்டாங்க. இப்ப நானும் மதுரைக்காரரு ஒருத்தரும். அவரு சின்னம் வரையறவரு. மத்தவங்கெல்லாம் முச்சந்திக்கே திரும்பப் போயிட்டாங்க. அங்க போயி வெக்கமில்லாமப் பொத்தான ஏத்தி எறக்கிட்டு இருக்காங்க.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. போன மாசம் ஒருத்தரு எழுதியிருக்காரு, இப்ப இருக்கற முச்சந்தியில ஆரம்பத்துல எழுதுன வரி ஒண்ணு கூட இல்லையாம். கொஞ்சங் கொஞ்சமா மாத்தி மாத்தி மொத்தமும் மாறிப்போச்சாம். ஒரு நாளு கூட மன்றத்த மூடாம, ஒரு பதிவு கூடத் தொலைக்காம. நான் என்ன சொன்னேன் அன்னைக்கு? மொத்தமும் புதுசா எழுதோணும்னு சொன்னேனா இல்லீங்களா? கடைசியில நான் சொன்னதத்தான செஞ்சிருக்கா? அப்ப யாரு செயிச்சது? அத மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறா.

இருந்தாலும் பெரியவன் நாந்தான் எறங்கிப் போகோணும்னு போன வாரம் நானே போனப் போட்டேன். நெறையப் பேச வெச்சிருந்தேன். மொதல்ல இருந்து எல்லாத்தையும் பேசித் தீத்துட்டு, நம்ம குடும்பத்தப் புதுசா ஆரம்பிக்கலாம்னு சொல்ல வெச்சிருந்தேன். அவ பேசவே வுடல.

"அதெல்லாம் வேண்டாமுங். சமையக்கட்டுல கொழாய் சொட்டிட்டு இருந்துதே, அது நின்னுதுங்களா?"

"இல்ல, சொட்டிட்டுத்தான் இருக்குது."

"நான் இருக்கறப்பவே நாலு தடவ சொன்னேன். வாசர் ஒண்ணு போயிருக்கும். அத மாத்துங். மாத்திட்டுச் சொல்லுங், நான் வந்துர்றேன்."

நம்புவீங்களா? இத்தன பெரிய சண்டைக்கு அவ கேட்டது ஒரு வாசர். ரப்பர் வாசர்! எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு. அவ மனசு எளகிருச்சுங்க. அவளுக்கு இத நல்லபடியாச் செஞ்சு குடுத்தே ஆகோணும்னு உக்காந்துட்டேன்.

கொழாயக் கழட்டுனேன். கழட்டிப் பாத்தா வாசரு மட்டும் இல்லீங்க, மரையே தேஞ்சிருக்குது. மரை தேஞ்சா கொழாய மாத்தோணும். கொழாய மாத்தலாம்னு பாத்தா செவுத்துக்குள்ள போற பைப்பு பூரா துரு. பைப்ப எடுக்கச் செவுத்த ஒடைச்சா உள்ள ஈரம். ஈரம் எங்கிருந்து வருதுன்னு மேல போயிப் பாத்தா மொட்டை மாடியில வெடிப்பு. எங்கப்பா கட்டுன ஊடுங்க அது, எங்க ஊரு வெள்ளக்கிணறுல. அன்னைக்குக் கட்டுன மொறைக்கு அன்னைக்குச் சரி. செவுத்துல காது வெச்சுக் கேட்டுட்டு நின்னேன். அப்பத்தான் வெளங்குச்சு. இது கொழாய்ப் பிரச்சனையே இல்ல. இது ஊட்டுப் பிரச்சன. ஒரு வாசர மாத்திட்டு, எல்லாஞ் சரியாப் போச்சு வான்னு அவளக் கூப்புட்டா அது அவளுக்குச் செய்யற மோசடி இல்லீங்களா?

பொக்லைன்காரர வரச் சொன்னேன். நேத்துக் காலைல வந்தாரு, சாயந்தரம் தரைமட்டம்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? சாமானெல்லாம் எடுத்துட்டேனுங்க. கட்டிலு, பீரோ, அவ மேசை, எல்லாம் ஒரு சினேகிதன் குடோன்ல போட்டிருக்குது. நான் காந்திபுரத்துல ஒரு லாட்ஜுல இருக்கேன். பக்கத்து ஊட்டுக்காரம்மா வந்து, எதுக்குப்பா நல்லா இருந்த ஊட்ட இடிச்சேன்னு கேட்டுட்டு நின்னுச்சு. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு என்ன தெரியும்? அந்தச் சமையக்கட்டுச் செவுரு சாஞ்சப்ப எனக்கு மனசுல ஒரு நிம்மதி வந்துது பாருங்க, எத்தன வருசமாச்சு அப்படி ஒரு நிம்மதி வந்து.

பிளானு போன்ல இருக்குது, காட்டறேன். இதப் பாருங்க. ரூமெல்லாம் எங்கெங்க வருதுன்னு இன்னும் முடிவாகல. வாசல்ல வெக்கற பேருப் பலகை மட்டும் ஆயிருச்சு, மதுரைக்காரரு வரஞ்சு குடுத்தாரு. நல்லாருக்குதுங்களா? எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்குதுன்னு எனக்கு ஒரு நெனப்பு.

அவளுக்கு இன்னும் சொல்லலீங்க. நேரா போயி, கையப் புடிச்சுக் கூட்டியாந்து, அந்தக் காலி எடத்துல நிறுத்தி, கோகிலா, எல்லாத்தையும் அஸ்திவாரத்துலிருந்து ஆரம்பிக்கலாம்னு சொல்லோணும். நேத்துச் சாயந்தரம் ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன், "இனிமே கொழாய் சொட்டாது"ன்னு. பொய்யில்லீங்களே? "சரிங்"ன்னு பதில் போட்டா. கூடவே ஒரு சிரிக்கற மொகம். ஒரு வருசத்துல மொத மொத சிரிக்கற மொகம். அந்த மொகத்தப் பாத்துட்டுத்தான் காலைல மொத பஸ்ஸப் புடிச்சேன்.

இருங்க, போனு. அட, அவதான்! நீங்க எங்கியும் போயிராதீங்க.

சொல்லு கோகிலா. நான் எங்க இருக்கேன்னு சொல்லு பாக்கலாம்? பள்ளிபாளையம் பாலத்துல! உன்னத்தான் கூப்பிட வந்துட்டு இருக்... என்னது? எப்ப? மொத பஸ்ஸா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல. இப்ப எங்க நிக்கறே? ... ஆமா. ஆமா கண்ணு, அதே எடந்தான், எடம் மாறல. எதுத்த ஊட்டு வேப்பமரம் தெரியுதா? அப்ப அங்கதான் நிக்கறே. ... பெட்டியக் கீழ வெய்யி மொதல்ல. ... இல்ல, திருட்டுப் போகல, நாந்தான். வாசரு மட்டும் இல்ல கோகிலா, மரை தேஞ்சிருந்துது, பைப்பு பூரா துரு, செவுரெல்லாம் ஈரம், நான் சொல்றதக் கேளு, ரெண்டே மாசம்... கோகிலா? ... கேக்குதா? ...

போன வெச்சுட்டாளுங்க.

இல்லீங்க, திட்டல. அழுகவும் இல்ல. "நான் வாசர் மாத்தச் சொன்னனுங்"னா. அத மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா.

பாத்தீங்களா? ஒரு மனுசன் ஒரே நாள்ல இத்தன பெரிய வேலைய முடிச்சு வெச்சிருக்கேன், இன்னும் அந்த வாசரையே புடிச்சுத் தொங்கறா.